பிள்ளைக்கு ஏர் பிரஷ் வாங்கப் போகிறீர்களா?

"அம்மா, ஆயிரத்து நூறு ரூபாய்தாம்மா! பொறந்த நாளைக்குச் சட்டை வேண்டாம். இதை மட்டும் வாங்கிக் குடும்மா."

சட்டை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையிடம் எந்தத் தாயால் மறுத்துப் பேச முடியும்? சரியென்று தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்கு நான் கொடுத்த விலை என்ன, அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்ன என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பிளாஸ்டிக் விமானமோ, கப்பலோ, டாங்கியோ ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தப் பக்கங்களைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று நம் விமானப் படையிலிருந்து மிக்-21 விமானம் விடைபெற்றதை டி.வி.யில் பார்த்தான். 1963-ல் வந்து சேர்ந்து, அறுபது வருஷங்களுக்கு மேல் பறந்த விமானம். அன்றிலிருந்து அவனுக்கு மிக்-21 பைத்தியம்தான். 1/72 அளவில் ஒரு மாடல் கிட் வாங்கி, பசை வைத்து அழகாக ஒட்டிவிட்டான். 1/72 என்றால் அசல் விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. சுமார் 15 மீட்டர் நீளமுள்ள விமானம், என் ஒரு சாண் அளவுக்கு, ஏறத்தாழ 20 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்.

ஒட்டியதெல்லாம் சரி. தூரிகையால் சாம்பல் நிறம் தீட்டினான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை! கோடு கோடாகத் தடம் விழுந்து, கோலப்பொடி கொட்டின தரை மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். மாடலின் மேல் பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் மேடாக நின்றாலும், அசல் விமானத்தின் அளவுக்கு அது 7.2 மில்லிமீட்டர். முக்கால் சென்டிமீட்டர் மேடு! எந்த விமானத்தில் அப்படிப் பெயிண்ட் அடிப்பார்கள்? அதனால்தான் மெல்லிய பனி போலப் பெயிண்டைத் தூவும் ஏர் பிரஷ் வேண்டும் என்றான்.

ஏர் பிரஷ் என்றால் என்ன?

நம் பாட்டி காலத்து ஃபிளிட் பம்பு நினைவிருக்கிறதா? கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்தால் கொசு மருந்து புகையாகப் பறக்குமே, அதன் பேத்திதான் ஏர் பிரஷ். பேனா மாதிரி கையில் பிடித்துக்கொள்ளலாம். காற்று வேகமாக முனையைத் தாண்டி ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம் பெயிண்டை வெளியே இழுக்கிறது. காற்று அதைப் பொடித் துளிகளாக உடைத்துத் தூவுகிறது. நடுவில் ஒரு நீள ஊசி. அதை விரலால் பின்னுக்கு இழுத்தால் அதிகப் பெயிண்ட், முன்னுக்கு விட்டால் குறைவு. அவ்வளவுதான் சூட்சுமம்.

இது ஒன்றும் புதுக் கருவி அல்ல. அமெரிக்காவில் அயோவா மாநிலத்துக்காரரான ஆப்னர் பீலர் 1870-களின் கடைசியில் இதற்கு முதல் வடிவம் கொடுத்தார். அதை லிபர்ட்டி வாக்கப் என்பவர் வாங்கித் திருத்தி, இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு ஊரில் செய்து விற்றார். அதைப் பிடித்து ஓவியம் தீட்டுவது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் தெரியுமோ? அவருடைய மனைவி ஃபீபி வாக்கப்! ஆக, ஆரம்பத்திலிருந்தே பெண்கள் கை பட்ட கருவிதான் இது.

நாங்கள் செய்த தப்பு

பிறந்த நாள் வந்தது. ஒரு கடையில் ஆயிரத்து நூறு ரூபாய்க்கு ஏர் பிரஷ் வாங்கினோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, காற்று இல்லாமல் அது வெறும் பேனா! மறுபடி போய் ஒரு காற்று கேன் வாங்கினோம். அடிக்க ஆரம்பித்த சில நிமிஷங்களிலேயே கேன் ஐஸ் மாதிரி குளிர்ந்து, அழுத்தம் குறைந்து, பெயிண்ட் சொட்டுச் சொட்டாகத் துப்பியது. போதாததற்கு ஊசி முனையும் வளைந்திருந்தது. மாற்றித் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. பையன் என்னிடம் சொல்லாமல், சிநேகிதன் வீட்டிலிருந்து கார் கீறலுக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, தூசு படியக் கூடாது என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் படுக்கையறையில் அடித்திருக்கிறான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் வீசிங் உண்டு. இரண்டு வருஷமாக ஒன்றும் இல்லையே என்று நிம்மதியாக இருந்தேன். அன்று ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு கூடு மாதிரி ஏறி இறங்க, பேசக்கூட முடியாமல் என்னைத் தட்டி எழுப்பினான். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து விடியும் வரை உட்கார்ந்திருந்தோம்.

டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "வீட்ல யாராவது பெயிண்ட் அடிச்சீங்களா?" என்பதுதான்.

என் வீட்டுக்காரர் காலையில் வந்ததும், "எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடு" என்றார். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி சாம்பல், பாதி வெள்ளையாக இருந்த விமானத்தை ஒரு செருப்பு டப்பாவில் வைத்து மூடி, பீரோ மேல் வைத்துவிட்டான். அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

பெயிண்டர் அண்ணன் சொன்ன பாடம்

எங்கள் தெரு முனையில் ஓர் அண்ணன் இருக்கிறார். முப்பது வருஷம் வண்டிகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்தவர். இப்போது அடிப்பதில்லை, மூச்சு விடாது. ஒரு வாரம் கழித்து, கைக்குட்டையில் சுற்றிய ஏர் பிரஷ்ஷோடு அவரிடம் போனேன்.

"ஏனுங் அம்மிணி, இதையா தூக்கிப் போடச் சொல்றாரு?" என்று கையில் வாங்கி, ஊசியை உருவி, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து உருட்டினார். முனை மட்டும் நடனம் ஆடியது. "ஊசி வளைஞ்சிருக்குதுங்க. வேற ஊசி போட்டா இதுவே ஓடும். துப்பாக்கிக்கு ஒண்ணும் கேடில்லீங்க. கேடு காத்துலயும் மூச்சுலயும்தான். நான் அந்தக் காலத்துல மூக்குல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு அடிச்சேன். துண்டு பெயிண்ட்டைத் தடுக்குமுங்க. ஆவியைத் தடுக்குமா?"

அவருடைய நோய்க்குக் காரணம் என்ன என்று எங்கள் டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். வண்டிகளுக்கு அடிக்கும் பெயிண்டில் ஒரு வகை உண்டு. கெட்டிப்படுத்தும் திரவத்தைத் தனியே கலந்து அடிப்பது. அந்தத் திரவத்தில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். அதைச் சுவாசித்து வேலை செய்கிறவர்களுக்கு ஆஸ்துமா வருவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும். அப்படிப்பட்ட பெயிண்ட் வீட்டுக்குள் வரவே கூடாது.

அண்ணன் சொன்னதை ஒரே வரியில் சொல்கிறேன், சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: கருவியில் சிக்கனம் பார்க்கலாம், காற்றிலும் மூச்சிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கையில் இருக்கிற பணத்தை எப்படிப் பங்கு போடுவது? எல்லாரும் முதலில் துப்பாக்கியை வாங்கிவிட்டு மிச்சத்தில் மற்றதைப் பார்க்கிறார்கள். நாம் தலைகீழாகப் போக வேண்டும். முதலில் முகக் கவசம், பிறகு காற்று, கடைசியில்தான் துப்பாக்கி.

முதலில் மூச்சு

பெயிண்ட் இரண்டு விதம். தண்ணீரில் கரைவது ஒன்று. தின்னரில் கரைவது இன்னொன்று. வீட்டில் பிள்ளைகள் அடிப்பதற்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டுமே போதும். ஒன்றைக் கவனியுங்கள்: புட்டியில் அக்ரிலிக் என்று எழுதியிருந்தாலும் சிலவற்றில் ஆல்கஹால் கலந்திருக்கும். மூடியைத் திறந்ததும் சுள்ளென்று ஸ்பிரிட் வாசனை அடித்தால் அது வேறு ஜாதி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தண்ணீர்ப் பெயிண்ட்தானே என்று மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டும் அடிக்கக் கூடாது. குங்குமம் நெற்றியில் இருக்கும் வரை அழகு, கண்ணில் விழுந்தால்? அதே கதைதான். நிறப்பொடி துளித் துளியாக நுரையீரலுக்குள் போவது எந்தப் பெயிண்டானாலும் நல்லதல்ல. இதற்கு என்-95 முகக் கவசம், மூக்கின் மேல் இடைவெளி விடாமல் பொருந்தினால், போதும். துணி முகக் கவசம் போதாது. ஆனால் என்-95 துளிகளைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. பெரியவர்கள் யாராவது தின்னர் பெயிண்ட் அடிப்பதானால் ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டர் கட்டாயம் வேண்டும். வேலை முடிந்ததும் அதை இறுக மூடும் பையில் போட்டு வைக்க வேண்டும். வெளியே கிடந்தால் சும்மா இருக்கும்போதே தீர்ந்துவிடும்.

இடம்? பால்கனியோ மொட்டை மாடியோதான் உத்தமம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நிற்க வேண்டும். கொடியில் உலரும் துணிகளை முதலில் எடுத்துவிடுங்கள். நான் ஒரு வெள்ளை வேட்டியைத் தியாகம் செய்த பிறகுதான் கற்றேன்! பால்கனி இல்லாதவர்கள் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் படுக்க வைத்து, அதன் பின்புறம் ஜன்னலுக்கு வெளியே காற்றைத் தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தி, பெட்டிக்குள் வைத்து அடிக்கலாம். இது தண்ணீர்ப் பெயிண்டுக்கு மட்டும். தின்னர் ஆவி ஃபேன் மோட்டாரின் பொறி பட்டாலே தீப்பிடிக்கும். கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுவத்தி இருக்கும் பக்கம் தின்னர் புட்டியைத் திறக்கவே கூடாது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும்.

கர்ப்பமாக இருப்பவர்களும், பாலூட்டும் தாய்மார்களும், கைக்குழந்தைகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம். அடிக்கடி வீசிங் வரும் பிள்ளையானால் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். நாங்கள் கேட்டோம். தண்ணீர்ப் பெயிண்ட், திறந்த வெளி, என்-95, ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் என்ற நான்கு நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது.

அடுத்தது காற்று

காற்று கேன் வேண்டாம். கேனுக்குள் இருக்கும் திரவம் ஆவியாகும்போது கேன் குளிர்கிறது. குளிரக் குளிர அழுத்தம் இறங்குகிறது. நாலைந்து கேன் வாங்கும் காசைச் சேர்த்து வைத்தால் கம்ப்ரெஸருக்கு நல்ல முன்பணம்.

கம்ப்ரெஸர் என்றால் எங்கள் கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1960-ல் இங்கே தொடங்கிய எல்ஜி நிறுவனம் நாடெங்கும் பட்டறைகளுக்குக் கம்ப்ரெஸர் செய்து அனுப்புகிறது. ஆனால் நமக்குப் பட்டறைக் கம்ப்ரெஸர் வேண்டாம். மேஜை மேல் வைக்கும் சின்னது போதும். வாங்கும்போது இந்த நான்கையும் பாருங்கள்.

ஒன்று, தொட்டி. 3 லிட்டர் தொட்டி உள்ளது நல்லது. தொட்டி இல்லாவிட்டால் மோட்டாரின் ஒவ்வொரு துடிப்பும் பெயிண்டில் தெரியும். தொட்டி இருந்தால் காற்று ஒரே சீராக வரும், மோட்டாருக்கும் ஓய்வு கிடைக்கும்.

இரண்டு, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும், அளவு காட்டும் மீட்டரும். மாடல்களுக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். கார் டயருக்கு 30-க்கு மேல் அடிக்கிறோமே, அதில் பாதிக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, ஈரம் பிடிக்கும் கிண்ணம். காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம். இந்தக் கிண்ணம் இல்லாவிட்டால் நல்ல பெயிண்டின் நடுவே திடீரென்று ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து விழும். தொட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து, வேலை முடிந்ததும் அதிலுள்ள தண்ணீரையும் வடித்துவிட வேண்டும்.

நான்கு, தொட்டி நிறைந்ததும் தானாக நிற்கும் வசதி. பிள்ளைகள் மறந்து போவார்கள். கருவி மறக்காது.

சார்ஜ் போட்டுப் பிடித்துக்கொள்ளும் சின்னக் கருவிகளும் இப்போது விற்கிறார்கள். துப்பாக்கியோடு சேர்ந்தே வரும், விலையும் குறைவு. பிள்ளைக்கு உண்மையிலேயே ஆசை நிலைக்குமா, நாலு நாளில் மூலையில் போட்டுவிடுவானா என்று சோதித்துப் பார்க்க இது உதவும். ஆனால் பலவற்றில் அழுத்தத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, கையிலும் கனக்கும்.

பழைய ஃபிரிஜ் கம்ப்ரெஸரை வைத்துத் தாங்களே செய்துகொள்பவர்களும் உண்டு. கரண்ட், எண்ணெய், அழுத்தம் மூன்றும் சேர்ந்த விஷயம். பிள்ளைகள் புழங்கும் வீட்டில் அந்த விஷப் பரீட்சை வேண்டாம். இன்னொன்று: விளையாட்டுக்குக்கூடக் காற்றை யாருடைய கண்ணிலும் காதிலும் வாயிலும் உடம்பிலும் பீய்ச்சக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் துப்பாக்கி

இப்போது தைரியமாக மலிவானதையே வாங்கலாம். ஆனால் மலிவிலும் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். புடவைக் கடையில் முந்தானையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவோமா?

சிங்கிள் ஆக்‌ஷன் என்று ஒரு வகை. பொத்தானை அமுக்கினால் காற்றும் பெயிண்டும் சேர்ந்து வரும். பெயிண்டின் அளவை முன்பே திருகி வைத்துவிட வேண்டும். டபுள் ஆக்‌ஷன் என்பதில் பொத்தானை அமுக்கினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் பெயிண்ட். முதல் வகைதான் சுலபம் என்று பலர் சொல்வார்கள். ஒரே நிறத்தைப் பரவலாக அடிக்க அது போதும்தான். ஆனால் டபுள் ஆக்‌ஷனைப் பழக ஒரு வாரம் ஆனாலும், பிறகு மெல்லிய கோடு, நிழல் எல்லாம் அதிலேயே வந்துவிடும். இரண்டு தடவை வாங்கும் செலவு மிச்சம்.

கிண்ணம் மேலே இருப்பது நல்லதா, பாட்டில் கீழே தொங்குவது நல்லதா? நமக்கு மேலே இருப்பதுதான். பெயிண்ட் தானாக இறங்குவதால் குறைந்த அழுத்தம் போதும், பத்துச் சொட்டு பெயிண்டிலும் வேலை நடக்கும், கழுவுவதும் சுலபம்.

முனையின் துவாரம் 0.2, 0.3, 0.5 மில்லிமீட்டர் என்று வரும். முதல் கருவிக்கு 0.3 வாங்குங்கள். 0.2 எடுத்ததற்கெல்லாம் அடைத்துக்கொண்டு பிள்ளையை அழ வைக்கும். 0.5 பெரிய பொம்மைகளுக்கும் வார்னிஷுக்கும் சரி.

கடையில் கேட்க வேண்டியவை:

ஊசியும் முனையும் தனியாகக் கிடைக்குமா? இது இல்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஊசி வளைவதும் முனை விரிசல் விடுவதும் சகஜம். உதிரி கிடைத்தால் சில்லறைச் செலவு, கிடைக்காவிட்டால் முழுக் கருவியும் போச்சு.

ஊசி நேராக இருக்கிறதா? அண்ணன் செய்த மாதிரி கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள்.

முனை நன்றாகப் பொருந்தியிருக்கிறதா? கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் காற்றை அமுக்குங்கள். கிண்ணத்தில் குமிழி வந்தால் எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம்.

குழாய் மரை கம்ப்ரெஸர் மரையோடு சேருமா? பல கருவிகளில் எட்டில் ஓர் அங்குல மரைதான். ஆனால் எல்லாக் கம்பெனியும் அப்படி இல்லை. இரண்டையும் ஒரே இடத்தில் பொருத்திப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

பழகும் முறை

முதல் நாள் பெயிண்டே வேண்டாம். வெறும் தண்ணீரைக் கிண்ணத்தில் விட்டுப் பழைய செய்தித்தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரிதான். வரிசையாகப் புள்ளி, பிறகு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு. தொடங்கும்போது காற்று முதலில், பெயிண்ட் பிறகு. நிறுத்தும்போது பெயிண்ட் முதலில் நிற்க வேண்டும், காற்று கடைசியில். இதை மாற்றிச் செய்தால் முனையில் தங்கிய பெயிண்ட் அடுத்த தடவை துப்பும்.

பெயிண்டின் பதம் நமக்குத் தெரிந்த பதம்தான், பால் பதம். கிண்ணத்தின் ஓரத்தில் விட்டால் பால் மாதிரி மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும். மோர் மாதிரி தண்ணியாக இருந்தால் மாடலின் மேல் சிலந்திக் கால் போல ஓடும். மாவு மாதிரி இருந்தால் முனை அடைக்கும், இல்லாவிட்டால் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகும். இரண்டு மூன்று அங்குலத் தூரத்தில், கையை நகர்த்திக்கொண்டே, தோசைக் கல்லில் எண்ணெய் தடவுவது போல மெல்லியதாக மூன்று தடவை அடிப்பது நல்லது. ஒரே தடவையில் மூடிவிட ஆசைப்படக் கூடாது.

நம் ஊர் வெயிலில் ஊசி முனையிலேயே பெயிண்ட் காய்ந்துவிடும். ஈரமான காது பட்ஸால் அவ்வப்போது முனையை ஒற்றி எடுத்தால் சரியாகும்.

கழுவாமல் வைத்தால் கருவி இல்லை

மலிவான ஏர் பிரஷ் கெட்டுப் போவது பெரும்பாலும் அடித்ததால் அல்ல, கழுவாததால்தான். நிறம் மாற்றும்போது கிண்ணத்தைத் துடைத்து, தண்ணீர் விட்டு, தெளிவாக வரும் வரை அடித்துவிட வேண்டும். அன்றைய வேலை முடிந்ததும் ஊசியைப் பின்பக்கமாக உருவி, பின்னாலிருந்து முனையை நோக்கி ஈரத் துணியால் துடைக்க வேண்டும். முனையிலிருந்து பின்னால் துடைத்தால் கையிலும் குத்தும், ஊசியும் வளையும்.

நம் கைக்குப் பழகின விஷயமாயிற்றே என்று தையல் ஊசியை விட்டு முனைத் துவாரத்தைக் குத்தாதீர்கள்! துவாரம் விரிந்துவிட்டால் அது கடலைத் தோல் மாதிரி, திரும்ப ஒட்டாது. முனையைத் திருகும்போதும் இரண்டு விரலால் மெதுவாக. குழாயைத் திருகும் பலம் காட்டினால் மரை முறிந்து உள்ளேயே நின்றுவிடும். முழுக் கருவியையும் தின்னரில் ஊறப் போடக் கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிவிடும்.

பிள்ளைக்கு மட்டும்தானா?

கருவி வீட்டுக்கு வந்த பிறகு நான் மட்டும் சும்மா இருப்பேனா? நவராத்திரிக்கு முன்னால் நிறம் போன இரண்டு காகிதக் கூழ்ப் பொம்மைகளைத் தூசு தட்டி, அதே தண்ணீர்ப் பெயிண்டால் கன்னத்துச் சிவப்பும் புடவை நிழலும் அடித்தேன். தூரிகையில் வராத மென்மை அதில் வந்தது. கேக் மேல் வண்ணம் தூவவும் ஏர் பிரஷ் உதவும். ஆனால் பொம்மைக்கு அடித்த கருவியை எத்தனை கழுவினாலும் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்குத் தனிக் கருவி, சாப்பிடத் தகுந்த நிறம்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பழைய துப்பாக்கிக்கே புது ஊசியும் முனையும் போட்டோம், முன்னூறு ரூபாய்க்குள் முடிந்தது. கம்ப்ரெஸர் ஆறாயிரத்து ஐந்நூறு. அதில் பாதி என் சீட்டுப் பணம், மீதி பையனுடைய உண்டியலும் தாத்தா கொடுத்ததும். முகக் கவசம் ஒரு கட்டு. ஊருக்கு ஊர் விலை மாறும். ஆனால் பணத்தின் பெரும் பங்கு காற்றுக்குத்தான் போக வேண்டும் என்பது மாறாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீரோ மேலிருந்த செருப்பு டப்பா இறங்கியது. மொட்டை மாடியில் காலை ஏழு மணிக்கு, முகக் கவசத்தோடு பையன் நின்றான். கால் மணி அடித்தான், அரை மணி காய விட்டான், மறுபடி கால் மணி. மூன்றாவது தடவை முடிந்ததும் விமானத்தைச் சாய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். ஒரு தடம் இல்லை. இறக்கையில் தலைமுடி மாதிரி ஓடும் கோடுகள்கூட மூடிப் போகவில்லை.

அன்று மாலை அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெயிண்டர் அண்ணனிடம் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெயிண்ட் பழுதில்லைடா கண்ணு" என்றார். பிறகு விமானத்தை என் கையில் கொடுத்துவிட்டு, அவன் முகத்தில் முகக் கவசம் அழுந்திய தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதுதான் ரொம்ப நல்லா இருக்குது" என்றார்.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு எனக்குத் தானாகவே விழிப்பு வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். பையன் சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.